வேர் இருக்கிற இடம்

ஆச்சியின் விளை காயாமொழிப் பக்கம், தேரி தொடங்குகிற ஓரத்தில் இருந்தது. தேரியைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கும் செம்மணல் மேடு அது. கையில் அள்ளினால் மணல் விரலிடுக்கில் வழிந்துவிடும், சிவப்பு மட்டும் ரேகைகளில் தங்கும். வைகாசியில் காற்று ஏறிவிட்டால் மணல் கிளம்பி வேலியோரத்தில் குவியும், வாசலில் குவியும், சோற்றிலும் விழும். பனை, கொல்லா, உடைமரம் எல்லாம் அந்த மண்ணில் தன்பாட்டுக்கு வளரும். தென்னையோ எலுமிச்சையோ வேண்டுமென்றால் ஆள் நின்று வளர்க்க வேண்டும்.

ஆச்சி நின்று வளர்த்தாள். விளையின் தாழ்வான மூலையில் ஒரு கிணறு. அதிலிருந்து பனையோலைப் பட்டையால் இறைத்துக் குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு கன்று கன்றாகப் போவாள். பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் நாங்கள் செம்பும் வாளியுமாகப் பின்னால் ஓடுவோம். செடியைக் கண்டதும் வாளியைக் கவிழ்ப்பதுதான் பிள்ளைகள் சுபாவம். ஆச்சி விடமாட்டாள்.

"ஏளா, ஒரு குடத்தையும் ஒரே கன்னுக்கு ஊத்தாத. அது பாதாளத்துக்குப் போயிரும். இப்பம் அரைக்குடம், பொழுதடைய அரைக்குடம்."

அதையும் நேராக மண்ணில் ஊற்றக் கூடாது. ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு கதம்பை கிடக்கும். தேங்காய் மட்டையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். தண்ணீர் அதன் மேல் விழுந்து பரவ வேண்டும். நேராக ஊற்றினால் மணல் பறிந்து வேர் வெளியே வந்துவிடும். தென்னம்பிள்ளை என்றால் இன்னும் கவனம். இடுப்பளவு குழியின் அடியில்தான் பிள்ளை நிற்கும். ஊற்றுகிற வேகத்தில் மணல் சரிந்து குருத்தின் கழுத்தை மூடிவிட்டால் அது அழுகிப்போகும். குழியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கழுத்தில் ஏறிய மணலை ஆச்சி விரலால் வழித்துவிடுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நடுவதற்கு முன்பே குழியின் அடியில் கதம்பைகளை வயிறு மேலே பார்க்க அடுக்கியிருப்பாள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அதில் தங்கும், நாரிலும் ஊறும். கவிழ்த்து வைத்தால் வழிந்து கீழே போய்விடும். வேளாண் பல்கலைக்கழகத்தின் கையேடுகளிலும் இதே அறிவுரையைப் பின்னாளில் படித்தேன்.

எலுமிச்சைக் கன்றுகளுக்கு வேறு வழி வைத்திருந்தாள். கன்றுக்கு ஒரு சாண் தள்ளி, வாய் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு மண்பானையைப் புதைப்பாள். அதில் தண்ணீர் நிரப்பி ஓட்டுத்துண்டால் மூடிவிட்டால் பானையின் சுவர் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். எந்தப் பானை என்பதில் கண்டிப்பு உண்டு. பதநீர் இறக்கிய கலயம் ஆகாது, உள்ளே சுண்ணாம்பு பூசியது, கசியாது என்பாள். சோறு பொங்கிய பானையும் ஆகாது, கஞ்சி ஊறி அடைத்திருக்கும். விளிம்பில் சில்லுப் பெயர்ந்து, சந்தையில் விலை போகாமல் நின்ற புதுப்பானைகளைக் குயவர் வீட்டிலிருந்து கேட்டு வாங்கி வருவாள். வாங்கியதும் புதைத்துவிட மாட்டாள். இரவில் தண்ணீர் நிரப்பித் திண்ணையில் வைப்பாள். விடிந்ததும் வெளிப்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பாள். பானை முழுக்க வியர்த்திருந்தால் எலுமிச்சைக்குப் போகும். ஒழுகினால் ஒதுக்கி வைத்துவிடுவாள், அது கோழிக்குத் தண்ணீர் வைக்கக்கூட உதவாது. வியர்க்கவே இல்லையென்றால் அடுப்படிக்குப் போகும்.

அந்தப் பானைகளின் அருமை நான் உயிரியல் படித்து, படிப்பிக்கவும் தொடங்கிய பிறகுதான் முழுதாக விளங்கியது. சுற்றியுள்ள மண் காய்ந்திருக்கும்போது சுவரிலுள்ள ஈரத்தை இழுக்கிறது. மண் நனைய நனைய இழுப்பு குறைகிறது. வேர் குடித்து மண் காய்ந்ததும் மறுபடி இழுக்கிறது. ஆள் பார்த்துத் திறக்கவும் மூடவும் வேண்டியதில்லை. சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்சி எழுதிய வேளாண் நூலில் புதைத்த பானையைச் சுற்றிப் பயிர் வைக்கும் முறை இருக்கிறது. நம் நாட்டில் 1970-களில் கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் மண்டல் என்ற விஞ்ஞானி இதை முறையாகச் சோதித்து எழுதினார். ஆச்சிக்கு இரண்டும் தெரியாது. அவளுக்கு அவள் அம்மை காட்டியது.

மணலின் கணக்கையும் பிறகுதான் புத்தகத்தில் பார்த்தேன். ஐ.நா.வின் உணவு வேளாண் நிறுவனம் பாசனப் பயிற்சிக்காக வெளியிட்ட கையேட்டில், ஒரு மீட்டர் ஆழ மண்ணில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்று ஒரு அட்டவணை உண்டு. மணலில் 25 முதல் 100 மில்லிமீட்டர், களிமண்ணில் 175 முதல் 250. நேற்று நட்ட கன்றுக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் வேர் ஏது? ஒரு சாண் ஆழத்துக்குத்தான் அதன் உலகம். அந்த ஒரு சாண் மணலில் தங்கக்கூடியது மிகக் கொஞ்சம். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் வேரைத் தாண்டிக் கீழே போகிற தண்ணீர். ஆச்சி பாதாளம் என்றது இதைத்தான். அரைக்குடம், அரைக்குடமாகப் பிரித்து ஊற்றியதால் அவள் சுமந்த தண்ணீரில் பெரும்பகுதி கன்றுக்குச் சேர்ந்தது.

ஊற்றுவதைவிட, ஊற்றியதைப் போகவிடாமல் வைப்பதற்கே அவள் அதிகம் பாடுபட்டாள். "வெயிலு குடிச்சது போக மிச்சத்தக் காத்து குடிக்கி" என்பாள். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். கன்றுகளுக்கு மேற்கிலும் தெற்கிலும் பனையோலையை நட்டு மறைப்பு வைப்பாள். தூரைச் சுற்றிக் கொல்லா இலைச் சருகும் ஓலைத் துண்டும் பரத்தியிருக்கும். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் மட்டும் வெறுமனே விட்டிருப்பாள், சருகு தண்டில் பட்டால் கரையான் ஏறும் என்று. உச்சி வெயிலில் அந்தச் சருகை விலக்கிக் கையை நுழைத்துப் பார்க்கச் சொல்வாள். பாதம் வைக்க முடியாமல் மணல் சுடுகிற நேரத்தில் சருகுக்கு அடியில் மணல் குளுகுளுவென்று இருக்கும், விரலில் ஒட்டும்.

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்தேன். ஒரே மாவட்டம், ஆனால் மண் வேறு. கறுப்பு. மழை பெய்தால் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். பங்குனி சித்திரையில் வெடிக்கும். வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். மாமா பருத்தியும் கம்பும் உளுந்தும் மானாவாரியாகப் போட்டவர். 1901-லிருந்து அந்த ஊரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கு விதை வாங்கப் போய் வருவார், போகும்போதெல்லாம் அங்கே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார். எங்கள் வீட்டுக் கொல்லையில் வைக்க நான் ஆச்சியிடமிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு எலுமிச்சைக் கன்றும் கொண்டுவந்திருந்தேன். மாமா அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார், தூரிலிருந்த செம்மணலைக் கிள்ளிப் பார்த்தார்.

"தாயி, இது அந்த மண்ணுல பொறந்தது. இங்க வச்சா வேற மாதிரி குடிக்கணும், பழக்கணும்."

குழி வெட்டியதும் நடவில்லை. மண்வெட்டி இழுத்த இடமெல்லாம் குழியின் சுவர் மெழுகிவிட்டாற்போல் பளபளத்தது. கடப்பாரையை எடுத்து அந்தச் சுவரைச் சுற்றிலும் குத்திச் சொரசொரப்பாக்கினார். களிமண்ணில் வெட்டிய குழியின் சுவர் அப்படியே வழவழப்பாகக் காய்ந்தால் வேர் அதைத் துளைக்க மாட்டாமல் உள்ளேயே சுற்றும். ஊற்றுகிற தண்ணீரும் வெளியேற வழியின்றிக் குழிக்குள்ளேயே நிற்கும். பிறகு வெட்டிய மண்ணையே உடைத்துத் தொழுவுரம் கலந்து நிரப்பினார். கன்றின் கழுத்து தரைக்குச் சற்று மேலே இருக்கும்படி நட்டார். தேரியில் பள்ளத்தில் வைத்தோம், இங்கே மேட்டில் வைத்தோம்.

தண்ணீரும் அப்படித்தான் மாறியது. கரிசல் மெதுவாகத்தான் உறிஞ்சும். அதே பாசனக் கையேட்டின்படி மணல் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே விடும், களிமண் 1 முதல் 5 வரைதான். ஒரு குடத்தைக் கவிழ்த்தால் பாதி ஓடிப்போகும். வெடித்த மண்ணாக இருந்தால் எதிர்மாறு. அத்தனை தண்ணீரும் வெடிப்புக்குள் இறங்கி வேரைத் தொடாமல் காணாமல் போகும், ஊற்றியவருக்கோ மண் நன்றாகக் குடித்ததுபோலத் தெரியும். மாமா முதலில் களைக்கொத்தியால் மேல்மண்ணைக் கொத்தி வெடிப்பை மூடுவார். கால் குடம் ஊற்றுவார். திண்ணையில் போய்ப் பேப்பர் படிப்பார். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம். மண் ஊதி வாய் மூடிய பிறகு மூன்றாம் தடவை நிதானமாக ஊற்றுவார். அதன் பிறகு பல நாளைக்குத் தொடமாட்டார். ஆச்சி கன்றைக் காலையும் மாலையும் பார்த்தாள் என்றால், இவர் தண்ணீரைக் கையில் எடுக்காமல் கன்றைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

எப்போது ஊற்றுவது என்று கேட்டேன். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி விரலால் தோண்டி, கையளவு ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரலால் உருட்டினார். மண் கோலியாகத் திரண்டது, பெருவிரலால் அழுத்தியபோது பிளவு விடாமல் தட்டையானது. "இன்னைக்கு வேண்டாம்" என்றார். உருட்டும்போதே ஓரத்தில் வெடித்து உதிர ஆரம்பித்தால் அன்று ஊற்ற வேண்டும். மேல்மண் காய்ந்து கட்டியாகக் கிடப்பதைப் பார்த்து முடிவெடுத்துவிடக் கூடாது. கரிசலில் மேலே ஓடாகக் காய்ந்திருக்கும்போது ஒரு சாண் கீழே சேறாக இருக்கும். குழாயில் தண்ணீர் வருவதே பல நாளைக்கு ஒருமுறை என்றிருந்த ஊரில் இந்த உருட்டல் எங்களுக்கு எவ்வளவோ குடங்களை மிச்சப்படுத்தியது.

ஆச்சி வைத்தது போல இங்கே பானை புதைக்கலாமா என்று ஒருமுறை கேட்டேன். மாமா சிரித்தார். கோடையில் கரிசல் சுருங்கும்போது பானையை விட்டு விலகி நிற்கும், தொடாத மண்ணுக்குள் கசிவு எப்படிப் போகும் என்றார். மழைக்காலத்தில் மண் ஊதும்போது பானை நெரிந்து உடையவும் செய்யும். ஒரு மண்ணில் அருமையான வழி இன்னொரு மண்ணில் வீண். இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள், ஆனால் செடிக்கு வாரம் எத்தனை தடவை ஊற்ற வேண்டும் என்றுதான் அடுத்த கேள்வியே கேட்கிறார்கள். மண்ணைச் சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு ஆண்டு மரம் நடுவிழா நடந்தது. வேம்பும் புங்கனும் நாவலும் பாலித்தீன் பைகளில் வந்து இறங்கின. பேச்சு, கைத்தட்டல், புகைப்படம் எல்லாம் முடிந்தன. பைகளைப் பிரித்துத்தான் நட்டார்கள், அதில் குறை இல்லை. வாரந்தோறும் ஒரு தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் குழாயைப் பிடித்து ஒவ்வொரு கன்றைச் சுற்றிலும் அகலமாகக் கட்டியிருந்த பாத்தி நிரம்ப அடித்துவிட்டுப் போவார். பாத்தி நாள் கணக்கில் ஈரமாகவே இருந்தது. ஆனாலும் கன்றுகள் ஒவ்வொன்றாகக் கருகின. தண்ணீர் போதவில்லை என்று சிலரும், கரிசலில் மரம் வராது என்று சிலரும் சொன்னார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கருகிய ஒரு புங்கங்கன்றைத் தோண்டி எடுத்தேன். மண்வெட்டி போன இடமெல்லாம் கறுப்புச் சேறு. நடுவே அந்தப் பையின் உருவத்திலேயே ஒரு மண் உருளை. அதைக் கையில் எடுத்தபோது எடையே இல்லை. கொஞ்சம் அழுத்தியதும் செம்மண்ணும் தென்னைநார்க் கழிவும் தூளாக உதிர்ந்தன. தும்மல் வந்தது பிள்ளைகளுக்கு. உள்ளே வேர் சுருண்டு சுருண்டு காய்ந்திருந்தது, ஒரு வேர்கூட உருளையை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. சுற்றிலும் சேறு, வேர் இருந்த இடத்தில் மட்டும் பொடி. "டீச்சர், தண்ணிக்கு நடுவுல தாகத்துல செத்திருக்கு" என்று ஒரு பையன் சொன்னான். அவன் சொன்னதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன்.

நாற்றங்காலில் இருந்து வந்த கன்றுக்கு நடுகிற அன்று பைக்குள்ளிருந்த வேர் மட்டுமே உண்டு. அது குடிக்கக்கூடிய இடம் அந்த உருளைதான். நாற்றங்காலில் தினமும் பூவாளியால் தெளித்து வளர்த்தது. அந்தக் கலவை லேசானது, சீக்கிரம் காயும். ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது, மேலே ஊற்றினாலும் ஓரமாக ஒழுகிப்போகும். சுற்றியிருக்கும் கரிசலோ தன் ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், உருளைக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. பாத்தி நிறைந்திருக்கிறது என்று பார்ப்பவர் நம்புவார். கன்று குடிப்பது பாத்தியில் அல்ல. அதனால் முதல் சில வாரங்கள் தண்ணீர் தண்டை ஒட்டி, அந்த உருளையின் மேல், மெல்ல விழ வேண்டும். நடுவதற்கு முன் பையோடு வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி அடங்கும்வரை வைத்து நட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மிச்சமிருந்த கன்றுகளைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கன்றின் தூரிலும் அடியில் சிறு துளை போட்ட ஒரு பழைய பாட்டிலைச் சாய்த்து வைத்தோம். சொட்டுச் சொட்டாக உருளைக்குள் இறங்கியது. பிழைத்தவற்றில் இரண்டு புங்கன்களுக்கு அடியில் இன்று சைக்கிள் நிறுத்துகிறார்கள்.

உருளைக்கு ஊற்று என்றால் எப்போதும் தண்டிலேயே ஊற்றிக்கொண்டிருப்பதா? இல்லை. இதன் மறுபாதியை எனக்குக் காட்டியவர் புளியங்குடியில் எலுமிச்சை போட்டிருந்த என் கணவரின் பெரியப்பா. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் அது. அவர் தோட்டத்தில் காய்ப்புக்கு வந்த மரங்களின் தூரைச் சுற்றி மண் அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே ஒரு வளையமாகப் பாத்தி கட்டியிருந்தார். தண்ணீர் அந்த வெளி வளையத்தில்தான் ஓடும், தண்டு நனையாது. தண்டில் எந்நேரமும் ஈரம் இருந்தால் எலுமிச்சையில் பூசணம் பிடித்துப் பட்டை வெடித்துப் பிசின் வடியும், மரம் சாகும். அவரிடம் நான் கேட்டேன்:

"பெரியப்பா, சின்னக் கன்னுக்குத் தூருலதான ஊத்துறோம். எப்ப வெளிய தள்ளுறது?"

"வேர் போற வேகத்துக்கு நீயும் போகணும்மா. அது முன்னால போனா தண்ணி இருக்கணும். நீ முன்னால போயிட்டா அது தேடி வரணும், ஆனா எட்டுற தூரத்துல இருக்கணும்."

அவர் தன் இளங்கன்றுகளைக் காட்டினார். நட்ட புதிதில் முழங்கை அகலத்துக்கு வட்டம். கன்று தளிர்த்ததும் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, தூரில் மண் அணைத்திருந்தார். அடுத்த பருவத்துக்கு இன்னும் பெரிது. இலைக்கூட்டத்தின் நிழல் எங்கே விழுகிறதோ அதையும் கொஞ்சம் தாண்டித் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு முறை வட்டம் பெரிதாகும்போதும் தண்ணீரின் அளவு கூடும், இடைவெளியும் கூடும். தினமும் ஒரு செம்பு ஊற்றிய மரத்துக்கு வேர் மேலேயே இருக்கும், கோடை வந்தால் முதலில் வாடுவது அதுதான். ஆழமாக ஒருமுறை நனைத்து, காயவிட்டு, மறுபடி ஆழமாக நனைத்த மரத்தின் வேர் ஈரம் இறங்கிய வழியே இறங்கும். அவர் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அதற்கும் ஆழமான பாய்ச்சல்தான் நல்லது என்றார். மேலோட்டமாக அடிக்கடி ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப்போய் உப்பு மட்டும் மேல்மண்ணில் சேரும், இலை ஓரம் தீய்ந்துபோகும். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடலோரத் தோட்டங்களில் அப்படித் தீய்ந்த ஓரங்களைப் பார்த்து, தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் உப்புத்தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாட்டம்தான் மனிதரை ஏமாற்றுகிறது. செடி தலை சாய்ந்தால் தாகம் என்று நினைப்பது இயல்பு. கத்தரி வெயில் நேரத்தில் நன்கு நனைந்த மண்ணில் நிற்கும் செடியும் உச்சிப்பொழுதில் வாடும். வேர் இழுப்பதைவிட இலை வேகமாக விடுகிறது, அவ்வளவுதான். வெயில் தாழ்ந்ததும் நிமிர்ந்துவிடும். எங்கள் அத்தை அந்த வாட்டத்தைப் பொறுக்கமாட்டாள், பதறிப்போய்ச் சொம்போடு ஓடுவாள். "விடியட்டும், அப்பப் பாரு" என்று மாமா சொல்வார். விடியற்காலையில் தலை நிமிராமல் கிடக்கிற செடிதான் உண்மையில் கேட்கிறது.

கேட்பதும் எப்போதும் தண்ணீரை அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையோர ஊர்கள் பட்ட துயரத்துக்கு முன்னால் கொல்லைச் செடிகளைப் பற்றிப் பேசவே கூசுகிறது. ஆனால் அந்த வாரத்தில் என் கண் முன்னால் நடந்தது இது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் கரிசல் நாள் கணக்கில் குழைந்து கிடந்தது. முதலில் பப்பாளிகள் போயின. பப்பாளி வேர் தேங்கிய தண்ணீரில் இரண்டொரு நாள் தாங்குவதே பெரிது. இலைகள் மஞ்சளாகித் தொங்கின. அந்த ஆவணியில் நட்ட எலுமிச்சைக் கன்றுகளும் தொங்கின. கொய்யா மட்டும் அசையாமல் நின்றது. மழை விட்டு வெயில் அடித்த அன்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி குழாயைப் போட்டுத் தொங்கிய கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மூழ்கிய செடியும் காய்ந்த செடியும் ஒரே மாதிரிதான் வாடும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் காற்றுக்கு இடமில்லை. மூச்சு இல்லாத வேர் வேலை செய்யாது. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் மேலே அனுப்ப முடியாமல் இலை தொங்கும்.

குழாயை அடைக்கச் சொல்லிவிட்டு அவளும் நானும் சேர்ந்து, ஒவ்வொரு கன்றின் பாத்திக் கரையையும் உடைத்து வாய்க்கால் இழுத்தோம். மூடாக்கை எடுத்து வேலியோரம் போட்டோம். கோடையில் உயிரைக் காக்கிற அதே சருகு இப்போது மண்ணைக் காயவிடாமல் வைத்திருந்தது. மேல்மண் லேசாகக் காய்ந்ததும் வேரில் படாமல் கம்பியால் குத்திக் காற்றுக்கு வழி விட்டோம். மேட்டில் வைத்த கன்றுகள் தேறின. தரை மட்டத்தில் வைத்தவை தேறவில்லை. அன்று மாலை காயாமொழிக்குப் போன் போட்டபோது, விளையில் பல இடங்களில் மண் அரித்துப்போனதாகவும், ஆனால் தண்ணீர் நிற்கவில்லை, மணல் குடித்துவிட்டது என்றும் சித்தப்பா சொன்னார்.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்போது விளாத்திகுளம் பக்கம் நிலம் வாங்கி ஒட்டுமாங்கன்றுகள் வைத்திருக்கிறான். சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறான், கைப்பேசியிலிருந்தே திறந்து மூடுகிற வசதியோடு. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஆச்சி இடுப்பு நோகச் சுமந்ததை நினைத்தால் கண் கலங்கும். ஆனால் அவன் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு சொட்டுவானை ஓரமாக வைத்து அப்படியே விட்டுவிடப் பார்த்தான். முதலில் அதை ஒட்டுக்கட்டுக்குக் கீழே, பை மண்ணின் மேலேயே கொண்டுவரச் சொன்னேன். தளிர்த்த பின் ஒரு சாண் வெளியே நகர்த்தி, எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று வைக்கச் சொன்னேன். ஒரே பக்கத்தில் ஈரம் இருந்தால் வேரும் ஒரே பக்கம் போகும், மரம் காற்றுக்கு நிற்காது. ஐப்பசியில் மழை பிடித்ததும் கைப்பேசியை மறந்துவிட்டு, குழாயை மூடி, மண்ணை உருட்டிப் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் பேசினான். கன்றுகள் எல்லாம் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கின்றனவாம், படமும் அனுப்பினான். "டீச்சர், வேர் பிடிச்சிருச்சுல்ல? தண்ணியக் குறைக்கலாமா?" என்று கேட்டான். முதல் தளிரை நம்பாதே என்றேன். அது தண்டில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததைச் செலவழித்துக்கூட வரும். அந்த இலைகள் முற்றிப் பச்சையான பிறகு, இரண்டாம் தளிர் வரட்டும். அதுவரை பை மண்ணில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிரு, அதன் பிறகு இடைவெளியைக் கூட்டலாம். சரி டீச்சர் என்றான். நாவல் வைத்தால் எப்போது தண்ணீரை நிறுத்துவது என்று அடுத்த கேள்வி கேட்டான். அவன் நிலத்தில் நாவல் வைக்கப் போகிற இடம் செம்மண்ணா கரிசலா என்று நான் கேட்டேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தான்.